வெந்தயம்: எவ்வளவு, எப்போது, எதற்கு?

அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். மஞ்சளும் மிளகும்தான் வரும் என்று நினைத்தால், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெந்தயத்தைப் பற்றி. அதிலும் பலருக்கு ஒரே கவலைதான், வெந்தயத்தை நம்பி மாத்திரையை விடலாமா என்று. அதனால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 54 வயது, ஆறு வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாதமாகக் காலையில் வெந்தயத் தண்ணீர் குடிக்கிறார். "இதுவே போதும், மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் சொன்னால் கோபப்படுகிறார். என்ன செய்வது அக்கா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் இந்த வாரமே அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், சகோதரி. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையும் எடுக்க வேண்டும். வாய் வார்த்தைக்குக் கோபப்படுகிறவர்கள்கூடச் சில நேரம் தாளில் இருக்கும் எண்ணைப் பார்த்தால் அமைதியாகிவிடுவார்கள்.

வெந்தயம் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்வதில் பொய் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இதை முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1990-ல் வெளிவந்த ஆய்வில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு வெந்தயப் பொடி கொடுத்தார்கள், சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். எவ்வளவு வெந்தயம் கொடுத்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தினம் 100 கிராம். எண்ணெய்ச் சத்தை நீக்கிய பொடி, மதியம் பாதி இரவு பாதி என்று சாப்பாட்டோடு. பிறகு இரண்டாம் வகை நீரிழிவுக்கு நடந்த ஆய்வில் 25 கிராம். நம் வீட்டு டீஸ்பூனில் ஒரு கரண்டி வெந்தயம் கிட்டத்தட்ட 4 கிராம்தான் வரும். உங்கள் கணவர் குடிப்பது ஒரு ஸ்பூன் ஊறிய தண்ணீர், அந்த ஆய்வில் கொடுத்ததோ இருபத்தைந்து ஸ்பூனுக்கும் மேல். இன்சுலினை நிறுத்திவிட்டு அவர்கள் அதைச் சாப்பிடவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

என் சின்ன அத்தையும் இப்படித்தான் செய்தார். யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை விட்டுவிட்டு எட்டு மாதம் வெந்தயம், நாவல் கொட்டை, ஆவாரம்பூ என்றே இருந்தார். உடம்பு நன்றாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றியது, ஏனென்றால் சர்க்கரை கூடினாலும் வலி தெரிவதில்லை. கடைசியில் செருப்பு கடித்த புண் ஆறாமல் போய்க் காலின் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வெந்தயம் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, மாத்திரை இல்லாமல் போன அந்த எட்டு மாதம்தான் செய்தது. கிட்னியும் அப்படித்தான், அதைக் கெடுப்பதில் கட்டுப்படாத சர்க்கரைக்குப் பெரிய பங்கு உண்டு.

வெந்தயம் தொடரட்டும், மாத்திரையும் தொடரட்டும். எட்டு வாரம் விட்ட மாத்திரையை மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வெந்தயம் சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேரும்போது சிலருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையோ பழச்சாறோ கொடுத்துவிட்டு, பிறகு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வெந்தயத்தை முழுசாக விழுங்குவதா, ஊறவைத்து மெல்லுவதா, பொடித்து மோரில் போடுவதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குத் தைராய்டு உண்டு, காலையில் மாத்திரை போடுகிறேன்.
– வாசகி, ஆத்தூர்

பதில்: முழுசாக விழுங்க வேண்டாம். உலர்ந்த வெந்தயம் கல் மாதிரி இருக்கும், பாதி அப்படியே வெளியே போய்விடும். வெந்தயத்தின் பலன் பெரும்பாலும் அதன் நார்ச்சத்தில் இருக்கிறது. எடையில் கால்வாசி நார்தான், அதில் ஒரு பகுதி தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஊறிக்கொள்ளும் வகை. அந்தக் கொழகொழப்பு வயிற்றில் சோற்றோடு கலக்கும்போது சாப்பாடு மெதுவாக இறங்குகிறது, சர்க்கரையும் மெதுவாக ரத்தத்தில் ஏறுகிறது. அதனால் ராத்திரி ஊறவைத்துத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டாதீர்கள். விதையை நன்றாக மென்று சாப்பிடுங்கள், கசப்பு தாங்காதவர்கள் அரைத்து மோரில் கலக்கலாம். வெறும் வயிற்றில் குடித்தால்தான் பலன் என்பதும் தேவையில்லாத கட்டுப்பாடு. சோற்றின் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சோறு போகும் நேரத்தில் அதுவும் வயிற்றில் இருக்க வேண்டும், இல்லையா? சாப்பாட்டோடு எடுங்கள்.

உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டியது. அதோடு வெந்தயம் மாதிரி நார் நிறைந்த ஒன்று போனால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. காலையில் மாத்திரை, மதியம் மோரில் வெந்தயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினசரி வெந்தயம் தொடங்கக் கூடாது. குழம்பில் தாளிக்கும் வெந்தயத்துக்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம்.

முதல் நாளே மூன்று ஸ்பூன் என்று ஆரம்பித்தால் வயிறு உப்பும், சிலருக்கு வயிற்றால் போகும். அரை ஸ்பூனில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு ரத்தசோகை. வெந்தயத்தில் இரும்புச் சத்து அதிகம் என்று படித்தேன். தினம் ஒரு ஸ்பூன் கொடுத்தால் போதுமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: போதாது. 100 கிராம் வெந்தயத்தில் 33 மில்லிகிராம் இரும்பு என்று பட்டியலில் இருப்பது உண்மைதான், ஆனால் 100 கிராம் வெந்தயத்தை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு ஸ்பூனில் கிடைப்பது 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல், தானியத்திலும் விதையிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதும் குறைவு. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதியிருந்தால் அதை விடாமல் கொடுங்கள். கீரையும் பயறும் சமைத்தால் மேலே எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், சாப்பிட்ட உடனே டீ காபி வேண்டாம்.

கேள்வி: இட்லி மாவுக்கு வெந்தயம் எதற்குப் போடுகிறோம்? என் மாமியார் ஒரு கைப்பிடி போடச் சொல்கிறார், என் அம்மா போடவே மாட்டார். யார் சொல்வது சரி?
– வாசகர், பெரம்பலூர் (ஆமாம், வீட்டில் மாவு ஆட்டுவது நான்தான்)

பதில்: தம்பி, நடுவில் நின்றுகொள்ளுங்கள். நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து என்றால் வெந்தயம் ஒரு டீஸ்பூன். கைப்பிடி போட்டால் மாவு கசக்கும், இட்லியும் பழுப்படிக்கும்.

ஏன் போடுகிறோம் என்றால், முன்னே சொன்ன அதே கொழகொழப்புக்காகத்தான். மாவு புளிக்கும்போது காற்றுக் குமிழி உண்டாகிறது, மாவு தண்ணியாக இருந்தால் அந்தக் குமிழி மேலே வந்து உடைந்துவிடும். உளுந்தும் வெந்தயமும் மாவைப் பிடிமானமாக வைத்திருப்பதால் காற்று உள்ளேயே நிற்கும், அதுதான் இட்லியின் மென்மை. உங்கள் அம்மா போடாமலே நல்ல இட்லி சுட்டிருப்பார், ஏனென்றால் நல்ல புது உளுந்து கிடைத்தால் அது ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும். இன்றைக்குக் கடையில் வாங்கும் உளுந்து எத்தனை மாதம் மூட்டையில் இருந்தது என்று தெரியாது, அதற்கு வெந்தயம் ஒரு தாங்கல். தோசைக்குப் போட்டால் நிறமும் மணமும் எடுப்பாக வரும் என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அனுபவம்.

உளுந்தோடு சேர்த்தே ஊறவைக்கலாம், அரைக்கும்போது முதலில் வெந்தயத்தை மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓடவிட்டு, பொங்கி வந்த பிறகு உளுந்தைப் போட்டுப் பாருங்கள். மாவு அளவு கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெந்தய தோசை கணக்கு வேறு: இரண்டு ஆழாக்கு இட்லி அரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடி உளுந்து. ஆப்பம் மாதிரி தடிமனாக ஊற்றி, மூடி வைத்து, திருப்பாமல் எடுக்க வேண்டும். பூண்டு மிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டால் கசப்பு ஒரு சுவையாகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் குழந்தைகள்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: வத்தக்குழம்பு கசந்துவிடுகிறது. ஒரு சிட்டிகைதான் வெந்தயம் போடுகிறேன்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அளவு சரிதான், கருகுகிறது. நல்லெண்ணெய் புகையும் அளவு காய்ந்த பிறகு போட்டால் நொடியில் கறுத்துவிடும். கடுகு வெடித்ததும் அடுப்பைக் குறைத்து வெந்தயத்தைப் போடுங்கள், பொன்னிறம் மாறி லேசாகச் சிவந்து வாசம் வந்ததும் வெங்காயமோ புளித் தண்ணீரோ உள்ளே போய்விட வேண்டும். கறுத்துவிட்டால் அந்தத் தாளிப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள், எண்ணெய்க்குப் பார்த்தால் குழம்பு போய்விடும். ஊறுகாய்க்கு வறுக்கும் வெந்தயத்துக்கும் இதே பக்குவம்தான்.

கேள்வி: முடி கொட்டுவதற்கு வெந்தயம் அரைத்துத் தேய்க்கிறேன். மூன்று மாதமாகியும் கொட்டுவது நிற்கவில்லை.
– கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: வெந்தய விழுது முடியின் மேல் ஒரு பூச்சாகப் படியும். அதனால் சிக்கு குறையும், வறண்ட முடி பளபளவென்று ஆகும், சீப்பு வைத்தால் அறுந்து விழுவது குறையும். மூன்று மாதத்தில் இந்த வித்தியாசத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். வேரோடு கொட்டுகிற முடியை அது நிறுத்தும் என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தக் காரணம் தலைக்கு மேலே இல்லை. உங்கள் வயதில் இரும்புக் குறைவு, தைராய்டு, பட்டினி கிடந்து உடம்பு இளைப்பது, காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது, இவைதான் அதிகம். ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள், அம்மா. இன்னும் மூன்று மாதம் அரைத்துத் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம்.

தேய்ப்பதாக இருந்தால் இரவு ஊறவைத்து, தயிர் கொஞ்சம் விட்டு மிக நைசாக அரைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தோல் தோலாக முடியில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலை வைக்கும். அரை மணி நேரம் போதும். சளி பிடிக்கிற உடம்பு என்றால் மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பிள்ளை பிறந்து ஆறு கிழமை. பால் ஊற வேண்டுமென்று நான் நாள்தோறும் வெந்தயம் அவித்துக் கொடுக்கிறேன். இப்போது பிள்ளையின் மூத்திரத்தில் மேப்பிள் பாகு மணம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அது ஒரு பாரதூரமான நோய் என்று சொல்லி நாங்கள் பயந்துபோய் இருக்கிறோம்.
– ஒரு அம்மம்மா, டொரண்டோ

பதில்: பிள்ளை நன்றாகப் பால் குடித்து, விழித்து விளையாடிக்கொண்டிருந்தால் முதலில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், அம்மா. வெந்தயத்துக்கும், மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் அந்த இனிப்புப் பாகுக்கும் மணம் ஒன்றுதான். சோட்டோலோன் என்கிற ஒரே பொருள் இரண்டிலும் வாசனை தருகிறது. அது வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியே வரும், தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். 2005-லிருந்து சில வருடங்கள் நியூயார்க் நகரத்தின் பல பகுதிகளில் அவ்வப்போது மேப்பிள் பாகு மணம் அடித்து, ஏதோ விஷவாயு என்று ஜனங்கள் பயந்து அரசாங்கத்துக்குப் போன் செய்தார்கள். 2009-ல்தான் கண்டுபிடித்தார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் வாசனைப் பொருள் தயாரிக்கும் ஆலையில் வெந்தயம் பதப்படுத்தியிருக்கிறார்கள்!

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் கற்பனை இல்லை. சில புரதக் கூறுகளை உடம்பு உடைக்க முடியாமல் போகும் பிறவி நோய் ஒன்று உண்டு, அதற்குப் பெயரே மேப்பிள் பாகு சிறுநீர் நோய்தான். தாய் வெந்தயம் சாப்பிட்டிருந்ததால் பிறந்த குழந்தைக்கு அந்த நோயோ என்று மருத்துவமனையில் சந்தேகப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கின்றன. உங்கள் டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இந்த நோயும் அடக்கம். பிள்ளையின் டாக்டரிடம் அந்த முடிவைக் கேளுங்கள், மகள் வெந்தயம் சாப்பிடுவதையும் மறக்காமல் சொல்லுங்கள். சில நாள் வெந்தயத்தை நிறுத்தினால் மணமும் போக வேண்டும். ஆனால் பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, உடம்பு விறைத்தாலோ, வெந்தயம்தான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்து வீட்டில் இருக்கக் கூடாது, அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

பால் ஊறுவதைப் பொறுத்தவரை, பிள்ளையை அடிக்கடி மார்பில் போடுவதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. வெந்தயம் அதற்கு அப்புறம்தான். மகளுக்கு வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒத்துக்கொள்ளாது என்றால் வெந்தயமும் வேண்டாம், எல்லாம் ஒரே பயறுக் குடும்பம்.

கேள்வி: மகள் போன மாதம் பெரிய மனுஷி ஆனாள். அவளுக்கு வெந்தயக்களி எப்படிக் கிண்டுவது? நான் ஐந்து மாதக் கர்ப்பம், நானும் சாப்பிடலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: ஒரு கப் புழுங்கலரிசி, இரண்டு மேசைக்கரண்டி உளுந்து, ஒரு மேசைக்கரண்டி வெந்தயம், நாலு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரையுங்கள். தண்ணீர் விட்டுத் தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். உருண்டையாக எடுத்து நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயும் கருப்பட்டிப் பாகும் ஊற்றிக் கொடுங்கள், உங்கள் பக்கத்தில் நல்ல கருப்பட்டிக்கு என்ன குறை. வாரம் ஒன்றிரண்டு நாள் போதும். அரிசியும் உளுந்தும் எண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தச் சாப்பாடே அந்த வயதில் உடம்புக்குத் தேவை.

உங்களுக்கு இப்போது களி வேண்டாம், சகோதரி. தோசை மாவிலும் குழம்பிலும் இருக்கும் அளவு ஒன்றும் செய்யாது, ஆனால் கர்ப்ப காலத்தில் ஸ்பூன் கணக்கில் வெந்தயம் சாப்பிடுவது நல்லதில்லை. கருப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடும் என்பதால் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு மகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாகச் சாலட்டில் போடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: முளைகட்டினால் கசப்பு குறையும், ருசியாகவும் இருக்கும், ஆனால் ஆவியிலோ வாணலியிலோ ஒருமுறை சூடுபடுத்திச் சாப்பிடுங்கள். முளைகட்டும் வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடித்த இடம். 2011-ல் ஜெர்மனியில் முளைப்பயிர் சாப்பிட்டவர்களுக்கு ஈ.கோலை கிருமி தாக்கி 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், தேடிப் போனால் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் போய் நின்றது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் பச்சை முளை கொடுக்கவே கூடாது.

கேள்வி: மாடியில் தொட்டி வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய வெந்தயத்தையே விதைத்தால் கீரை வருமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: நன்றாக வரும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, நாலு அங்குல ஆழமுள்ள தட்டில் மண்ணும் தொழுவுரமும் கலந்து, நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். மூன்று நாளில் முளைத்துவிடும், 25 நாளில் அறுக்கலாம். கார்த்திகையிலிருந்து மாசி வரை அருமையாக வரும், சித்திரை வெயிலில் மெட்ராஸ் மாடியில் காய்ந்துபோகும், அந்த மாதங்களில் நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பயறு வகை என்பதால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும், காற்றில் இருக்கும் தழைச்சத்தை அவைதான் மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. அதனால் கீரையைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள், வேர் மண்ணிலேயே மக்கட்டும், அடுத்ததாக அதே தொட்டியில் தக்காளி நடலாம்.